அண்ணாவுக்கு, அப்பாவின் மீன் கொப்பிகள் பற்றி

அன்புள்ள அண்ணா,

அப்பா தூண்டிலில் பிடித்த மீனை எண்ணி எழுதி வைத்த கொப்பிகளை, மீன் கணக்குக்காகக் கேட்டு வந்த பிள்ளையிடம் வருகிற வியாழக்கிழமை கொடுக்கப் போகிறேன். யாருக்கு, எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காரணங்கள் எனக்கும் தெரியும். அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு அடுத்த நாள் குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட குரல் பதிவை எல்லாரும் கேட்டார்கள், சின்னம்மாவின் மருமகள் வரைக்கும். அதனால்தான் நானும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்களை வெட்கப்படுத்துவதற்காக இல்லை. இனி ஒருவரும் என்னிடம் வந்து "கொப்பான்ர கொப்பியை விக்கப் போறியாம்" என்று கேட்கக் கூடாது. ஒரு சதமும் வாங்கவில்லை. வாங்கப் போவதும் இல்லை.

தூண்டில் போடுகிறவர் பிடித்த மீனை எண்ணி எழுதி வைக்க வேண்டுமா, இல்லையா? இத்தனை வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடப்பது இதுதான். எண்ணுவதே பேராசை என்கிறீர்கள். அப்பம்மாவும் "எண்ணாதை, நாவூறு படும்" என்றுதான் சொல்லுவா. ஆனால் உங்கள் மறுப்பு அப்பம்மாவிடமிருந்து வந்ததில்லை, யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் அன்றைக்கு நடந்ததிலிருந்து வந்தது. அதை இங்கே எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஆட்களைப் பற்றி எழுதப் போவதில்லை.

சமாதான காலம் என்று எல்லாரும் சொன்ன நாட்கள், 2005. வீட்டுக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். மீனை மட்டும் பார்த்திருந்தால் விட்டிருப்பார்கள். கொப்பி வெளியே வந்துவிட்டது. அதில் ஒரு வரியை அப்படியே இங்கே எழுதுகிறேன், தெரியாத ஒருவரின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று வாசிக்கிறவர்களே பார்க்கட்டும்: "சோ. வ. 3.40 - 5.20. 2 தூ. ஓ 6, கீ 3 (வி 2)." சோழகக் காற்று, வத்து நேரம், இரண்டு தூண்டில், ஓரா ஆறு, கீளி மூன்று, அதில் இரண்டைத் திரும்ப விட்டது. எங்களுக்கு அது மீன். அவர்களுக்கு அது வேறு ஏதோ.

அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் சாமான் வாங்கத்தான் போதும். "ஓ" என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டி "மாலு", மீன், என்றார். பறியைத் திறந்து ஓராவைத் தூக்கிக் காட்டினார். அதுவரைக்கும் சரி. பூச்சியங்களுக்கு வந்தபோதுதான் பிரச்சினை. ஒரு பக்கத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து பூச்சியம். நேரம் எழுதியிருக்கிறது, காற்று எழுதியிருக்கிறது, மீன் இல்லை. மீன் பிடிக்காத நாளை எதற்கு எழுதினாய், அவ்வளவு நேரம் இந்தப் பாலத்தில் நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்கள். அப்பா றோட்டோரத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு பூச்சியமாக விரலை வைத்து "மாலு நே, மாலு நே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாண் பிசைந்த மாவு அந்த விரல் நகத்துக்குள் காய்ந்திருந்தது. நீங்கள் அவருக்குப் பக்கத்தில் கையைத் தலைக்கு மேலே வைத்தபடி. எனக்குப் பதினொரு வயது, என்னை ஒன்றும் செய்யவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். இருட்டின பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு போகச் சொன்னார்.

இரவு சாப்பிட்ட பிறகு அப்பா கொப்பியை எடுத்து அன்றைய வரியை எழுதினார். நீங்கள் பின்னால் நின்று பார்த்தீர்கள். 3.30 - 5.10 என்று நேரம் போட்டு, மீனைப் போட்டு, மூடி வைத்துவிட்டார். "எங்களை இருத்தி வைச்ச நேரம் எங்கை?" என்று நீங்கள் கத்தினது இப்பவும் காதில் இருக்கிறது. அப்பா நிமிரவே இல்லை. "தூண்டில் தண்ணிக்குள்ள கிடந்த நேரம் மட்டும்தான் எழுதுறது."

அந்த ஒரு வசனத்தை நீங்கள் மன்னிக்கவே இல்லை. அப்பாவுக்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டும் இருக்கிறேன், செத்த வீட்டு அன்றைக்குத் தொலைபேசியில். பதினேழு வயதுப் பிள்ளை பட்ட அவமானத்தை ஒரு தகப்பன் ஒரு சொல்லாவது சொல்லி ஆற்றியிருக்க வேண்டும். ஆனால் அண்ணா, அவர் கொப்பியில் நேரத்தைச் சரியாக எழுதினது பிழையென்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அந்த இரண்டு மணித்தியாலத்தைச் சேர்த்து எழுதியிருந்தால் அந்த நாள் கணக்கு பொய்யாகிப் போயிருக்கும்.

ஏனென்றால் எண்ணிக்கை தனியாக நின்றால் ஒன்றுக்கும் உதவாது. இரண்டு மணித்தியாலத்தில் பத்து ஓரா பிடித்ததும் ஆறு மணித்தியாலத்தில் பத்து ஓரா பிடித்ததும் எண்ணிக்கையில் ஒன்றுதான், கடல் ஒன்றில்லை. ஒரு தூண்டிலுக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை என்று பார்த்தால்தான் மீன் கூடியதா குறைந்ததா என்று தெரியும். பூச்சியம் இல்லாவிட்டால் அதுவும் பொய். எங்கள் மனது நல்ல நாளை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். கொடுவா பிடித்த நாளை நீங்கள் லண்டனுக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுகிறீர்கள். அதற்கு முன் வெறும் பறியோடு திரும்பி வந்த நாட்களை எங்கேயாவது சொன்னீர்களா?

டானியல் போலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995இல் எழுதின விஷயம் ஒன்றைக் கொப்பி கேட்டு வந்த பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினா. ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கண்ட கடலைத்தான் முழுக் கடல் என்று நினைக்கிறது. அதற்கு முதல் எவ்வளவு இருந்தது என்பது கணக்கிலேயே வராது. கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இப்போது பண்ணையில் நிற்கிற பெடியளுக்கு உள்ளங்கையளவு ஓராதான் ஓரா. அப்பாவின் முதல் கொப்பியில் "கையிலும் பெரிசு" என்று அடைப்புக்குள் எழுதியிருக்கிறார்.

1983இல் யாழ்ப்பாண மாவட்டத்துப் பிடிபாடு ஏறத்தாழ 48,000 தொன் என்று பழைய கணக்குகள் சொல்லுகின்றன. அதெல்லாம் வள்ளத்தில் வந்து துறையில் இறங்கின மீன். பாலத்தில் நின்று பிடித்துக் கறிக்குக் கொண்டுபோன மீனை எவரும் எண்ணவில்லை. கடலட்டைப் பண்ணைகள் வந்த பிறகு மீன் வரத்துக் குறைந்துவிட்டது என்று தொழிலாளர் சிலர் சொல்லுகிறார்கள், இல்லை என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். சிறகு வலையைக் குற்றம் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் சரி என்று இங்கே எழுதி வாங்கிக் கட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை. ஆனால் கூட்டத்தில் "முந்தி மாதிரி மீன் இல்லை" என்று ஒருவர் எழும்பிச் சொன்னால், "ஆதாரம் என்ன?" என்ற ஒரு கேள்வியோடு அவரை இருத்திவிடுகிறார்கள். குருநகரிலோ பாசையூரிலோ நாற்பது வருடம் கடலுக்குப் போனவர் அப்படியே இருந்துவிடுகிறார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கணக்கைக் கொடுத்தால் நாளைக்குச் சட்டம் வரும், ஏழைச் சனத்தின் தலையில் விழும் என்றீர்கள். அந்தப் பயத்தை நான் தட்டிவிடவில்லை. ஆனால் சட்டம் எங்கள் கணக்குக்காகக் காத்திருந்ததில்லை. கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் வந்தது. இன்னும் வரும். வரும்போது எங்கள் பக்கத்துக் கணக்கு ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கச் சொல்லுகிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் கோபிப்பீர்கள். போன வருடம் இங்கிலாந்தில் டைன் ஆற்றுக்குச் சால்மன் பிடிக்கப் போனீர்கள். அனுமதிப் பத்திரம் எடுத்தவர் வருட முடிவில் பிடித்த கணக்கை எழுதி அனுப்ப வேண்டும், ஒன்றும் பிடிக்காவிட்டால் அதையும் எழுதி அனுப்ப வேண்டும், யூன் 16க்கு முன் பிடிபட்ட சால்மனை உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். எவ்வளவு ஒழுங்கான நாடு என்று மெச்சினீர்கள். அண்ணா, அப்பா அதைத்தானே செய்தார்? பூச்சியத்தை எழுதினார், விட்ட மீனை "வி" என்று எழுதினார். ஒருவரும் கேட்காமல் எழுதினார். அங்கே அரசாங்கம் கேட்டால் அது ஒழுங்கு, இங்கே அப்பா எழுதினால் அது விசரா?

சரி, கோபத்தில் எழுதுகிறேன். அழிக்கவில்லை.

எண்ணுவதில் கெடுதலும் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். வாளி நிறையக் குஞ்சு மீனைக் கொட்டிப் படம் எடுத்து, நேற்று இவ்வளவு, இன்றைக்கு அதைவிட இவ்வளவு என்று போடுகிற பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். அந்த எண்ணிக்கை அடுத்த நாள் இன்னும் கூடப் பிடிக்கத்தான் தூண்டும். நேரம் இல்லை, பூச்சியம் இல்லை, விட்டது இல்லை. அப்படி எண்ணுவதற்கு எண்ணாமலே இருக்கலாம், அந்தளவில் நீங்கள் சொல்வது சரி. அப்பாவும் யாருக்கும் தன் எண்ணிக்கையைச் சொன்னதில்லை. பக்கத்தில் தூண்டில் போடுகிறவர் "எத்தினை?" என்று கேட்டால் "கறிக்குக் காணும்" என்பார்.

அதனால் நான் சிலதைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். இடம் எழுதியிருக்கிற நிரலைப் பிரதியில் மறைத்துவிடுவேன். பாலத்தின் எந்தக் கண்ணுக்குக் கீழே கொடுவா நிற்கும் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்து அதை அழிக்க எனக்கு விருப்பமில்லை. ஓரத்தில் அப்பா எழுதின வீட்டு விஷயங்களும் போகாது. உங்கள் பெயர் வருகிற இடங்களும் போகாது. மூலக் கொப்பிகள் ஒரு மாதத்தில் திரும்ப வீட்டுக்கு வந்துவிடும்.

2006 ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை பூட்டினதோடு வரிகள் நின்றுவிடுகின்றன. "போக ஏலாது" என்று ஒருதரம் எழுதியிருக்கிறார், பிறகு பக்கம் பக்கமாக வெறுமை. நீங்கள் வெளிக்கிட்டதும் அந்தக் காலத்தில்தான். உங்களை அனுப்புவதற்கு அம்மா தாலிக்கொடியை அடைவு வைத்ததை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, இப்போதும் அதற்காக எழுதவில்லை. போனது சரி. உயிரோடு இருக்கிறீர்கள், அது போதும். ஆனால் சண்டை முடிந்து அப்பா திரும்பவும் கொப்பியைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தது நான். கடைசியில் கை நடுங்கத் தொடங்கின பிறகு அவர் சொல்ல எழுதினதும் நான். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிக்கிற உரிமை எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

உங்களிடம் கேட்க ஒன்று மட்டும் இருக்கிறது. 2004 கொப்பியில் சில வரிகள் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அப்பா பக்கத்தில் சரி போட்டிருக்கிறார். அதில் "ம.வி." என்று மூன்று இடத்தில் வருகிறது. மணலை மீனை விட்டதா, மழை விட்டதா, வேறு ஏதாவதா? அந்தப் பிள்ளைக்கு ஊகத்தில் சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்தால் புதன்கிழமைக்கு முன் எழுதி அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம், எனக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த மூன்று வரிக்கும் நேரே "விளங்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் தங்கச்சி