ஆர்வமில்லை என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனின் உணவுப் புலனாய்வுப் பத்திரிகையாளர் ஜோஅன்னா பிளைத்மேன் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். சூப்பர் மார்க்கெட்டுகளின் பிடியைப் பற்றி 2004-இல் ஒரு புத்தகம், உணவு ஆலைகள் மறைப்பதைப் பற்றி 2015-இல் இன்னொன்று. அடையாளத்தை மறைத்து, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் உணவு ஆலைகளுக்கான சேர்மானப் பொருள் கண்காட்சிக்குள் போய், நறுக்கிய பழத்தை 21 நாள் வாடாமல் வைக்கும் கரைசலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். லேபிளில் அதன் பெயரே வராதாம். எவ்வளவு துணிச்சல்!

ஆனால் கடைசியில், 'இத்தகைய எழுத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமில்லை' என்று முடித்துவிட்டீர்கள். மனசு ரொம்ப வலித்தது ஐயா.

குறுவை அறுப்பு நேரத்து மழையில் எங்கள் நெல் ரோட்டோரம் கிடந்து முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். காயவைக்கக் களமும் இல்லை, மூடத் தார்ப்பாயும் போதவில்லை. காத்துக் கிடந்த நாளெல்லாம் மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டுக் கேட்டதையும் சேர்த்துப் படங்களோடு உங்களுக்கு எழுதினேன். பதிலே இல்லை. அந்த வாரம் உணவுப் பக்கம் முழுக்க பஜ்ஜி வகைகள். ஊர் சாப்பிடும் சோறு அந்த மூட்டையிலிருந்துதானே வருகிறது? அது உணவுச் செய்தி இல்லையா?

170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் எங்கள் திருவாரூர் மாவட்டத்துக்காரர். 2018-இல் அவர் மறைந்தபோது உருக்கமாக எழுதினீர்கள், மறக்கவில்லை. அப்புறம்? மாப்பிள்ளைச் சம்பா என்று இன்று கடைகளில் விற்கிற அரிசி எந்த வயலில் விளைந்தது, உண்மையிலேயே அந்த ரகம்தானா என்று உங்கள் நிருபர் ஒருவராவது தேடிப் போனாரா? நல்ல விலை கொடுத்து வாங்கி, வடித்த பிறகு சந்தேகத்தோடு சாப்பிட்டவள் நான்.

காபியும் அப்படித்தான். நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். டம்ளரில் வருவது அப்படித்தான் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பி எழுதினால் நாங்கள் படிக்க மாட்டோமா? கட்டாயம் படிப்போம். தெருவில் நாலு பேருக்கு வாசித்தும் காட்டுவேன்.

பிளைத்மேனைப் போல ஒருவரை உடனே உருவாக்கச் சொல்லவில்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு சமையல் குறிப்பை எடுத்துவிட்டு, காபித்தூள் பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை என்று அச்சிட்டிருப்பதை எங்கே பார்க்க வேண்டும் என்று படத்தோடு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

வாசகி,
மன்னார்குடி