கையெழுத்துக்குப் பிறகு வரவேண்டிய பின்னிணைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும், 2050இல் காபன் நடுநிலை அடைவோம் என்று இலங்கை உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. இதற்குப் பல்கலைக்கழகங்களும் மின்துறையும் கைகோர்க்க வேண்டும் என்பதில் கொழும்பில் யாருக்கும் மறுப்பில்லை. ஹோட்டல் மண்டபத்தில் கையெழுத்தாகும், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். ஆனால் இத்தகைய புரிந்துணர்வு ஒப்பந்தங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் 'பரஸ்பர ஒத்துழைப்பு', 'அறிவுப் பரிமாற்றம்' என்ற அளவில் நின்றுவிடும். எந்தத் தரவு, எத்தனை நிமிட இடைவெளியில், யார் கையால், எந்தத் திகதிக்குள் என்று சொல்லும் பின்னிணைப்பு அதில் இருப்பதில்லை. அந்தப் பின்னிணைப்பு இல்லாத ஒப்பந்தத்தால் ஒரு கிலோகிராம் காபனும் குறையாது.

ஏன் என்பதற்குச் சிறிய உதாரணம் ஒன்று. தெஹிவளைப் பக்கம் ஓர் ஒழுங்கை. ட்ரான்ஸ்போமரிலிருந்து 300 மீற்றர் தள்ளி, லைன் முடியும் இடத்தில் மூன்று கூரைகளில் தலா 5 கிலோவாட் சோலார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே போவது 70 சதுர மில்லிமீற்றர் ஏபீசி (காப்புறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிய) அலுமினியக் கேபிள். அதன் தடை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.44 ஓம், கூடவே வரும், மின்னோட்டம் திரும்பும் மெல்லிய நியூட்ரல் கம்பியினது 0.63 ஓம். 300 மீற்றருக்குப் போக வர 0.32 ஓம். 5 கிலோவாட் என்றால் 22 அம்பியர் அளவில் ஓடும். வீடுகளில் பாவனை இல்லாத நண்பகலில் ஒரு கூரை மட்டுமே லைன் முடிவில் 7 வோல்ற்று ஏற்றிவிடும். லைனின் மூன்று உயிர்க் கம்பிகளில், அதாவது பேஸ்களில், ஒன்றிலேயே மூன்று கூரைகளும் இருந்தால் 21 வோல்ற்று. இங்கே அனுமதி 230க்கு மேலே 6 சதவீதம், அதாவது 243.8. சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணையும், சில நிமிடம் கழித்துத் திரும்பும், மறுபடி அணையும். வீட்டுக்காரர் சோலார் பூட்டிய கம்பனியோடு சண்டைக்குப் போவார்.

இதே மூன்று கூரைகளையும் பேஸுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் நியூட்ரலில் ஓடும் மின்னோட்டம் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். ஏற்றம் ஒவ்வொரு பேஸிலும் 3 வோல்ற்றுக்குள் அடங்கிவிடும். புதுக் கேபிளும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம், ஏணியோடு ஒரு லைன் குழு போதும். தடை ஒன்றுதான்: எந்த வீடு எந்தப் பேஸில் என்ற பதிவு நம்பும்படி இருப்பதில்லை. இணைப்புக் கொடுத்த அன்று எழுதியது, ஒரு புயலுக்குப் பின் அவசரத்தில் மாற்றிக் கட்டியதோடு பிழையாகிப் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வேலை ஓர் இறுதியாண்டு மாணவர் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. ஸ்மார்ட் மீற்றர்களின் 15 நிமிட வோல்ற்றளவை இரண்டு மூன்று வாரத்துக்கு எடுத்தால், ஒரே பேஸில் உள்ள மீற்றர்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது கணக்கில் தெரிந்துவிடும். சிக்கல்களும் உண்டு. மீற்றர்களின் மணிக்கூடுகள் ஒன்றுக்கொன்று சில நிமிடம் முன்பின் ஓடும், அப்போது ஒப்பீடு குழம்பும். அந்த ட்ரான்ஸ்போமரில் ஏதாவது ஒரு நாள் மின்சாரம் போன நேரத்தை எல்லா மீற்றரிலும் தேடி, அதை வைத்து மணிக்கூடுகளைச் சரிசெய்ய வேண்டும். ட்ரான்ஸ்போமருக்கு மிக அருகிலுள்ள வீடுகளில் பேஸ்களுக்கிடையேயான வேறுபாடு மங்கலாகவே தெரியும், அங்கே நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. தனியுரிமையைக் காட்டித் தரவை மறுப்பதற்கும் இதில் இடமில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கருத்தில் எடுக்கப்பட வேண்டியதே, ஒரு வீட்டின் பாவனை அளவைப் பார்த்தால் எப்போது ஆளில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேலைக்குப் பாவனை அளவே தேவையில்லை. வோல்ற்றளவும் ட்ரான்ஸ்போமர் இலக்கமும் போதும், கணக்கிலக்கத்தை நீக்கிவிடலாம்.

நடப்பது வேறு. தரவு கேட்கும் கடிதம் மாணவரின் மேற்பார்வையாளரிடமிருந்து துறைத்தலைவர், பீடாதிபதி வழியாக மின்சார நிறுவனத்துக்குப் போய், அங்கே படி படியாக ஏறி இறங்கி வரும்போது இரண்டாம் அரையாண்டு முடிந்திருக்கும். மாணவர் என்ன செய்வார்? உலகம் முழுதும் பாவிக்கும் 33 முனை மாதிரி வலையமைப்பை எடுத்து ஆய்வேட்டை முடிப்பார். அது 1989இல் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றில் வந்த 12.66 கிலோவோல்ற்று லைன். நமது நடுத்தர அழுத்த லைன்கள் 11உம் 33உம். முதல் வகுப்புச் சித்தி கிடைக்கும், தெஹிவளை ஒழுங்கைக்கு எதுவும் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரைகள் பரவலாகப் பரிந்துரைக்கும் மருந்து, இன்வேர்ட்டரை றியக்டிவ் பவர் (வேலை செய்யாமல் லைனில் போய்வரும் வலு) உறிஞ்சவைத்து வோல்ற்றளவைக் குறைப்பது. நமது ஏபீசி கேபிளில் தடை, தூண்டல் எதிர்ப்பைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆகவே அந்த மருந்து இங்கே சொற்பமாகவே வேலை செய்யும், கூடுதல் மின்னோட்டத்தால் இழப்பும் ஏறும். உள்ளூர்த் தரவு இல்லாமல் வெளியூர் முடிவுகளை இறக்குமதி செய்தால் இப்படித்தான்.

இனி பெரிய அளவுக்கு வருவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். நாடு முழுதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்பதோடு ஊர் சிரித்து முடித்துவிட்டது. தேவை குறைந்த நேரம், கூரைச் சோலார் நிறைய, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு என்பதுதான் விடயம். வலையமைப்பின் சடத்துவம், அதாவது திடீர் மாற்றத்தைத் தாங்கும் தன்மை, அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. கணக்குக்காக எடுத்துக்கொண்டால், சுழற்சியில் 12,000 மெகாவாட்-செக்கன் சக்தி இருக்கும்போது 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால் மீடிறன் (மின்னோட்டம் செக்கனுக்கு அலையும் தடவை, இங்கே 50 ஹேர்ட்ஸ்) செக்கனுக்கு 0.6 ஹேர்ட்ஸ் வேகத்தில் சரியும். 6,000 மட்டும் இருந்தால் 1.25. அந்த வேகத்தில் காவல் சாதனங்கள் இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கத் தொடங்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் அன்று நின்றன, திரும்ப எழுப்பச் சில நாட்கள் பிடித்தன, மின்வெட்டும் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை அணைத்து வையுங்கள் என்று உரிமையாளர்களைக் கேட்க வேண்டி வந்தது. சூரியன் கொடுத்ததை வேண்டாம் என்றோம்.

அயர்லாந்தும் தீவுதான். காற்று மின் போன்ற சுழலாத மூலங்கள் ஒரு நேரத்தில் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு அங்கே 50 சதவீதத்தில் இருந்தது. 2022இல் 75ஐத் தொட்டது. ஒரே தாவலில் அல்ல. ஒவ்வொரு ஐந்து புள்ளியாக உயர்த்தி, மாதக்கணக்கில் சோதித்து, பிறகே நிரந்தரமாக்கினார்கள். மீடிறன் மாற்ற வேக வரையறையைச் செக்கனுக்கு 0.5 இலிருந்து 1 ஹேர்ட்ஸுக்கு மாற்றுவதற்கு ஒவ்வொரு மின்நிலையத்தையும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தொழில்துறை உறுப்பினர்களின் ஆதரவோடு நடந்த மின்சார ஆய்வு மையத்தில் பயின்றவர்கள் மின்துறையிலேயே வேலைக்குப் போனார்கள். தரவு கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாக இருந்தால் கடிதப் போக்குவரத்து எவ்வளவு சுருங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மிடம் ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மொரட்டுவை, பேராதனை, றுகுணு, ஒலுவில், கிளிநொச்சி அறிவியல் நகர் என்று பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. மொரட்டுவை வளாகத்தில் லெக்கோ மின்விநியோகக் கம்பனியோடும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடும் மைக்ரோகிரிட் (தனித்தும் இயங்கக்கூடிய சிறு மின்வலையமைப்பு) ஒன்றே அமைக்கப்பட்டிருக்கிறது. குறை ஏற்பாட்டில்தான்.

நிறுவனத்தின் பக்கத்தில் வாரத்தில் பாதி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கிய பொறியியலாளர் ஒருவர் வேண்டும், பெயர் குறிப்பிட்டு, பதவி உயர்வில் கணக்கிடப்படும் கடமையாக. இல்லாவிட்டால், உதாரணமாக, காற்று மின் எதிர்வுகூறல் மென்பொருள் ஒன்று மாணவரின் மடிக்கணினியில் பிறந்து, அவர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகும்போது கூடவே விமானம் ஏறிவிடும். வெளியீட்டு உரிமையில் நிறுவனத்துக்கு 60 நாள் வாசிப்புக் காலம் கொடுக்கலாம், தடுக்கும் அதிகாரம் கொடுக்கக் கூடாது. உருவாகும் மென்பொருளின் உரிமையில் இழுபறிப்பட்டுக் காலம் போக்குவதும் வீண், நிறுவனத்துக்கு வேண்டியது இலவசமாகப் பாவிக்கும் உரிமை மட்டுமே.

உபகரணம் பூட்டுவதானால் இன்னும் கவனம். உப மின்நிலையப் பலகையில் பேஸர் அளவி (மின்னலையை நேரத்தோடு நுணுக்கமாக அளக்கும் கருவி) பூட்டுவதற்கு மின்னோட்ட ட்ரான்ஸ்போமரின் இரண்டாம் சுற்றைத் தொட வேண்டும். ஓடும் லைனில் அந்தச் சுற்றைத் திறந்துவிட்டால் ஆபத்தான வோல்ற்றளவு எழும், ஆள் சாகலாம். குறுஞ்சுற்றாக்கும் பரிசோதனைக் கட்டை, காவல் பிரிவுப் பொறியியலாளரின் கையொப்பம், லைனை அணைத்துத் தரும் நாள் ஆகிய மூன்றும் திட்ட அட்டவணையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகக் கேள்விப்பத்திர (டெண்டர்) நடைமுறையும் சுங்கமும் எடுக்கும் மாதங்களையும் அதே அட்டவணையில் நேர்மையாக எழுதிவிட வேண்டும்.

பணத்துக்கு வழி? பிரித்தானியாவில் மின்துறை ஒழுங்குபடுத்துநரே 2010 முதல் 2015 வரை 50 கோடி பவுண் அளவில் விநியோகக் கம்பனிகளின் பரீட்சார்த்தங்களுக்கு ஒதுக்க வழிசெய்தார். பெற்ற பாடத்தைப் பகிரங்கமாக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் அனுமதிக்கப்பட்ட வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அதே நிபந்தனையோடு ஒதுக்கலாம்.

அவசரமும் உண்டு. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கின்றன. மீடிறன் பதிவு ஒரு கம்பனியிடமும் மீற்றர் தரவு இன்னொன்றிடமும் போகும்போது, சபையோடு செய்த பழைய ஒப்பந்தங்கள் யாரைக் கட்டுப்படுத்தும்? உரிமப் பத்திரங்களில் ஆய்வுத் தரவு பற்றி ஒரு வாசகத்தைச் சேர்க்க இதுவே நேரம், பிறகு ஒவ்வொரு கம்பனியின் வாசலிலும் தனித்தனியே நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கையெழுத்து விழாவுக்குப் போகும்போது படத்தோடு இதையும் கேட்டு எழுதுங்கள்: முதலாவது தரவுக் கோப்பு எந்தத் திகதியில் கைமாறும், அதைக் கொடுக்கும் பொறியியலாளர் யார்?

இப்படிக்கு,
மின்வலுப் பொறியியலாளர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.