சனிக்கிழமை வாசிப்புக் கூட்டம்: 1 முதல் 3ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரி சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டம் வரும் சனிக்கிழமை (12ஆம் தேதி) காலை 10.30க்கு, சமுதாயக் கூடத்தில். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தது. பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று டீச்சரிடம் கேட்டு வாருங்கள். ரேங்க் கேட்க வேண்டாம், அது இப்போது தேவையில்லை.

1. இன்றிரவே பாடப்புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்து, கீழே உள்ள வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், நாமும் வாசிப்பதாக நம்பிவிடுகிறோம்.
2. கொம்பு, துணைக்கால் வரும் இடத்தில் (கெ, கே, கொ) தடுமாறினால் குறித்து வையுங்கள். திட்டாதீர்கள்.
3. வீட்டில் படுகு (படுகர் மொழி) பேசுகிறவர்கள் அதை டீச்சரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ்ச் சொல்லே புதிதாக இருக்கலாம்.
4. படித்து முடித்த கதைப் புத்தகங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

வருகிறவர்கள் பெயரும் பிள்ளையின் வகுப்பும் வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடவும். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது!