பேக்கின் மேல் கணக்கைப் போடச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு தாயார் எழுதிய கடிதத்தைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். போக்கிமான் கார்டு விற்கும் கடைகள் சூதாட்டக்கூடங்களாம், பள்ளிப் பிள்ளைகளை உள்ளேயே விடக் கூடாதாம். சிங்கப்பூரின் தோ பாயோவில் அப்படி ஒரு கூடத்தை நடத்துபவன் நான். புளோக்கின் கீழ்த்தளம், இரண்டு மேசை, எட்டு நாற்காலி. படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்ததில், அவர் சொன்னதில் பாதி சரி என்று பட்டது.

சூது இருப்பது பேக்கில், அதாவது சில கார்டுகளை உள்ளே மறைத்து ஒட்டிய உறையில். பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. தீபாவளி முடிந்த வாரம் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்பளிப்பு உறைகளில் சேர்ந்த 50 வெள்ளி பையன் கையில். ஏழு பேக் வேண்டும் என்றான். “எந்தக் கார்டுக்காகத் தம்பி?” என்று கேட்டு, அதே கார்டைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். தனியாக வாங்கினால் 12 வெள்ளி. ஏழு பேக் பிரித்தாலும் அது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆடத் தயாராக 60 கார்டு அடுக்கிய டெக் ஒன்று 20 வெள்ளி. “மீதி 18 வெள்ளியை உண்டியலில் போடச் சொல்லுங்கள் பாட்டி” என்றேன். பாட்டிக்குச் சந்தோஷம். பையனோ அவர் முழங்கையை விடவே இல்லை. கடைசியில் இரண்டு பேக்கும் வாங்கி, வாசலிலேயே பல்லால் கடித்துப் பிரித்தான். ஒன்றும் வரவில்லை. அந்த 14 வெள்ளியைக் கல்லாவில் போட்டவனும் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்கள் செய்வது இதைவிட மோசம். ஒருவர் உள்ளங்கை அளவுத் தராசோடு வந்தார், நகைக்கடையில் இருக்குமே, அந்த மாதிரி. மின்னும் கார்டில் படலம் இருப்பதால் எடை துளி கூடும். பழைய பேக்குகளில் கனமானதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு, லேசானதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடலாம். அன்றிலிருந்து பேக் எல்லாம் எனக்குப் பின்னால்தான் இருக்கும். கேட்டால் வரிசையில் அடுத்ததை எடுத்துக் கொடுப்பேன். 2025 ஜனவரியில் ‘பிரிஸ்மாடிக் எவல்யூஷன்ஸ்’ என்ற புதிய போக்கிமான் கார்டுத் தொகுப்பு வந்தபோது, கேட்டதில் கால்வாசிகூட எனக்கு வரவில்லை. வந்ததையும் மொத்தமாக அள்ளி இணையத்தில் இரட்டை விலைக்கு விற்க ஆட்கள் நின்றார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்றேன், அதன் மேல்தாளையும் அவர்கள் கண்முன்னே கிழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கிழித்த பெட்டிக்கு மறுவிற்பனையில் மதிப்பில்லை. இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் மேசையில் நடப்பது வேறு. அந்தத் தாயார் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. போக்கிமான் ஆட்டத்தில் தங்கள் டெக்கிலிருந்து ஆறு கார்டைப் பரிசாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு பெண், தன் டெக்கை முதல்முறை தேடிப் பார்க்கும்போதே உதடு அசைய எண்ணுவாள். நான்கு இருக்க வேண்டிய கார்டு, டெக்கில் இரண்டு, கையில் ஒன்று. அப்படியானால் ஒன்று கவிழ்த்ததற்குள் மாட்டிக்கொண்டது. அதற்குத் தகுந்தபடி ஆட்டத்தையே மாற்றிவிடுவாள். கணக்குப் பாடத்தில் அவளுக்கு எத்தனை மதிப்பெண்ணோ, நான் கேட்டதில்லை.

இந்த வகை ஆட்டத்துக்கே வழிகாட்டிய ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993இல் வந்தபோது, தோற்றவர் பணயம் வைத்த கார்டை இழக்கும் விதி ஒன்று இருந்தது. அது சூதேதான். பிறகு அந்த விதியைக் கைவிட்டார்கள், ஆட்டம் நிலைத்துவிட்டது. பேக்கிலும் ஏதாவது செய்ய முடியும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். எந்த அரிய கார்டு எத்தனை பேக்குக்கு ஒன்று வரும் என்று பேக்கின் மேலேயே அச்சிட வேண்டும். நான் விற்கும் ஆங்கிலப் போக்கிமான் பேக்கில் அது இல்லை. டப்பா பானங்களில் சர்க்கரைக்கு ஏற்ப ‘சி’, ‘டி’ என்று தரம் போட வேண்டும் என்ற விதி 2022 இறுதியில் வரவில்லையா? என் மகளே இப்போது அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவை எடுக்கிறாள். அதே மாதிரி எண் ஒன்று பேக்கில் இருந்தால், அந்தப் பாட்டியிடம் நான் வாயால் சொன்னதை அவரே படித்திருப்பார். என் விற்பனை குறையும், தெரியும். தனிக் கார்டும், கார்டைப் போட்டு வைக்கும் ஸ்லீவ் உறையும் விற்றே வாடகையைச் சமாளித்த மாதங்கள் எனக்கு உண்டு.

கடிதம் எழுதிய அம்மா சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஒருமுறை வரட்டும், ஒன்றும் வாங்க வேண்டாம். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து அவரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும், டெக் நான் தருகிறேன்.

– கார்டு கடைக்காரர், தோ பாயோ