பெட்டியில் இரண்டு பெயர்களுக்கு இடம் இருக்கிறது

சிகாகோவில் உள்ள மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். 2027-ல் உங்கள் பிக் மேக்குக்கு 60 வயது நிறைகிறது. சஷ்டியப்த பூர்த்தியை நீங்கள் தடபுடலாகக் கொண்டாடுவீர்கள், சந்தேகமில்லை. அதற்கு முன்னால் ஒரு கோரிக்கை.

அந்த பர்கர் உங்கள் தலைமையகத்தில் பிறந்ததல்ல. பென்சில்வேனியாவில் உங்களிடம் உரிமம் வாங்கிக் கடை நடத்திய ஜிம் டெலிகாட்டி உருவாக்கியது. எஃகு ஆலைகள் நிறைந்த பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் உழைப்பாளிகளின் பசிக்குச் சின்ன பர்கர் போதவில்லை என்று கண்டவர் அவர். நீங்கள் உடனே சம்மதிக்கவில்லை. சம்மதித்தபோதும், வழக்கமான பன்னைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றீர்கள். அதில் இரண்டு இறைச்சித் துண்டும் சாஸும் நிற்கவில்லை, வழிந்தது. எள் தூவிய பெரிய பன்னை அவரே வரவழைத்து, நடுவிலும் ஒரு பன் துண்டு வைத்தார். 1967-ல் யூனியன்டவுன் கடையில் 45 சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே அமெரிக்கா முழுவதும் உங்கள் கடைகளில் அதுதான்.

இரண்டடுக்கு பர்கர் அவருடைய சொந்தக் கற்பனை என்று சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவில் பாப் வயன் 1937-லேயே 'பிக் பாய்' போட்டுவிட்டார். டெலிகாட்டியும் அதை மறைத்ததில்லை. ஆனாலும் உங்கள் கடைக்குள் அதைக் கொண்டுவந்தவர் அவர்தானே? அதற்காக ராயல்டி என்று ஒரு காசு அவருக்குக் கிடைக்கவில்லை. சொந்தமாகப் பல கடைகள் இருந்ததால் வசதிக்குக் குறைவில்லை, சரி. அது வேறு கணக்கு.

பெயர் வந்த கதையும் இதே போலத்தான். 'அரிஸ்டோக்ராட்', 'புளூ ரிப்பன்' எல்லாம் எடுபடவில்லை. உங்கள் தலைமை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் 21 வயதுச் செயலாளராக இருந்த எஸ்தர் கிளிக்ஸ்டீன் ரோஸ் 'பிக் மேக்' என்றார். முதலில் மேலதிகாரிகள் சிரித்தார்களாம்.

அப்புறம் 1970-களில் விளம்பரப் பாட்டு ஒன்று போட்டீர்கள். இறைச்சித் துண்டிலிருந்து எள்ளு பன் வரை ஏழு பொருள்களையும் மூச்சுவிடாமல் அடுக்கும் பாட்டு. ஊறுகாய் வெள்ளரிக்குக் கூட அதில் இடம் இருந்தது. (பாட்டு பிரமாதம், அதை மறுக்க முடியாது.)

அந்தப் பெயருக்காக நீங்கள் பட்ட பாடும் கொஞ்சமா? அயர்லாந்தின் சூப்பர்மேக்ஸ் என்ற துரித உணவுக் கடைக்காரர்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினீர்கள். கடைசியில் 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், கோழி சாண்ட்விச்சுக்கு அந்தப் பெயரில் உங்களுக்குத் தனியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. வழக்காடி வழக்காடி ஒரு பெயரைக் காத்தவர்கள், அதை வைத்தவரின் பெயரைப் பர்கர் பெட்டியில் அச்சிட ஏன் தயங்க வேண்டும்?

பணம் கேட்கவில்லை. டெலிகாட்டி 2016-ல் 98 வயதில் காலமாகிவிட்டார். 2027-ன் பெட்டிகளில் ஒரே வரி போதும்: உருவாக்கியவர் ஜிம் டெலிகாட்டி, பெயரிட்டவர் எஸ்தர் ரோஸ். ஓராண்டோடு எடுத்துவிடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

எங்கள் நாட்டில் மாட்டிறைச்சியைத் தவிர்த்து 'மகாராஜா மேக்' என்று விற்கிறீர்கள் அல்லவா, அந்தப் பெட்டிக்கு எஸ்தர் பெயர் மட்டும் இருந்தாலே போதும். செய்முறையைத்தான் மாற்றினீர்கள், 'மேக்'கை விடவில்லையே.

இப்படிக்கு,
இந்தியாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்