முழுக் கணுவையும் எடுக்கச் சொல்

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் அண்ணன் உனக்கு வீங்கியிருக்கும் நிணநீர்க் கணுவைப் பற்றி எதையோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். நானும் துருவிக் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற நோய்க்குறியியல் மருத்துவருக்கு எழுதத் தெரிந்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் தமக்குள்ளேயே இருக்கும் ஆணைப்படி மடிகின்றன. 1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் இதை அப்போப்டோசிஸ் என்று அழைத்தார்கள். மடியக் கூடாத நரம்பணுக்கள் மடிந்தால் என்னவாகும் என்பதைத் தாத்தாவின் கை நடுக்கத்தில் பார்த்திருக்கிறாய். மடிய வேண்டியவை மடிய மறுப்பதைத்தான் நான் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன்.

தொற்று வந்தால் நிணநீர்க் கணுவில் பி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் மளமளவென்று பெருகும். அவற்றுள் கிருமியைச் சரியாக அடையாளம் காணாதவை அங்கேயே செத்துப்போகும். அந்தச் சிதைவுகளை விழுங்கிய பெரிய, வெளிறிய செல்கள் நுண்ணோக்கியில் நடுநடுவே தெரிந்தால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். இந்த பி செல்களில் தோன்றும் புற்றுநோயான ஃபாலிகுலர் லிம்ஃபோமாவில் அவை அநேகமாக இருக்காது. அந்நோயாளிகளில் பெரும்பாலோரிடம் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அதனால் பிசிஎல்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி உருவாகி, செல்லைச் சாகவிடாமல் தடுக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணு செல்லைப் பெருக்குவதைவிடப் பிழைக்க வைக்கிறது என்று 1988இல் டேவிட் வாக்ஸும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். அது பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய். சிகிச்சையே இன்றி ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்களும் உண்டு. சித்திக்கு வந்தது இதுவன்று. புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்று எல்லோரிடமும் பெருமை பேசுகிறேனே, அப்படிப்பட்டவள் ஒரே ஒருத்தியை வைத்து முடிவு கட்டலாமா?

ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதோடு நிறுத்த விடாதே, முழுக் கணுவையும் எடுக்கச் சொல். கணுவின் அமைப்பு குலையாமல் இருந்தால்தான் நான் சொன்ன வித்தியாசம் தெரியும். பிசிஎல்-2 சாயச் சோதனையையும் கேள்: தொற்றால் வீங்கிய கணுவில் பி செல்கள் பெருகும் மையங்கள் சாயம் ஏற்காது, நோயுற்றவையோ பெரும்பாலும் பழுப்பாக ஏற்கும். இளம் வயதில் வீங்கும் கணுக்களில் பெரும்பாலானவை தொற்றினால் வீங்கித் தாமே வடிபவைதான். வடியவில்லையென்றால், மறுபடியும் சொல்கிறேன், முழுக் கணுவையும் எடுக்கச் சொல்.

ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் ஆய்வகத்தின் எண்ணை மட்டும் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா