கடைவீதி ஊழியர் நலச் சங்கம், திருச்சி: 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கடை திறக்கும் முன் காலையிலேயே வந்து சேர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி. செயற்குழு தவறாமல் கூடியது. பிள்ளைகளுக்கான கல்வி உதவி வழக்கம்போல் வழங்கப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த உடல்நலப் பணியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பரிசோதனை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு வந்தது. 2024இல் வந்த தொழிலாளரைத் தேடி மருத்துவம் வேலை செய்யும் இடத்துக்கே வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது முகாமில் பார்த்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்னது. அதில் நம் கடைவீதியும் அடக்கம்.

சரி, பரிசோதனைச் சீட்டு கையில் வந்தாயிற்று, அப்புறம்? காலை நடைப்போட்டி வைத்தோம், பரிசும் கொடுத்தோம். ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் நடை நின்றுவிட்டது. இதை உறுப்பினர்களின் சோம்பல் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன். இரவு பத்தரைக்குக் கடை பூட்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி வண்டிக்குக் காத்திருந்து, வீடு போய்ச் சாப்பிட்டுப் படுப்பவரை விடியற்காலையில் எழுந்து நட என்பது நியாயமில்லை.

அமெரிக்காவில் நம்மைப் போன்ற கடை ஊழியர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார்கள். பல கிளைகள் கொண்ட ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிளைகளில் மட்டும் உடல்நலத் திட்டம் நடத்தினார்கள். முடிவு 2019இல் வெளிவந்தது. ஒன்றரை ஆண்டில், உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாடமும் பரிசும் மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. பழக்கம் படிவது பற்றி லண்டனில் நடந்த இன்னொரு ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டாலும் கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே சந்தர்ப்பத்தில் அதைச் செய்ய வழி இருக்க வேண்டும். அந்த வழியைக் கொடுக்க வேண்டியது கடை.

ஆகவே செயற்குழு முதலாளிகளிடம் போய்க் கேட்டது பெரிய விஷயங்கள் அல்ல. உட்கார ஸ்டூல், தளத்துக்கு ஒரு குடிநீர்க் கேன், மதியச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்த முறை, டீயில் சர்க்கரையைக் கலக்காமல் தனியே வைப்பது. கிளாசுக்கு இரண்டு கரண்டி என்றால் நாலு டீயில் எட்டுக் கரண்டி. நாள் முழுவதற்குமே ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரையைத் தனியே வைத்த கடைகளில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. முதலில் அரைக் கரண்டி குறைந்தது, பிறகு இன்னும் குறைந்தது. தீபாவளி நெரிசலிலும் அது மாறவில்லை. இந்த ஆண்டு எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இதுதான்.

ஸ்டூல் விஷயம் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளாது. அது காலிலேயே தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்கிறது. புடவைப் பிரிவுச் சகோதரிகளிடம் கேட்டால் சொல்வார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை கொடுப்பது கடைக்காரரின் கடமை, அவர் காட்டும் கருணை அல்ல. ஆனால் ஒரு கடையில் ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை மேற்பார்வையாளர் முறைக்கிறார். இன்னொரு கடையில் தண்ணீர் இருக்கிறது, பெண்களுக்கான கழிப்பறை மேல்மாடியில் மட்டும். போய்வர நேரம் ஆகும் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பும் தொற்றும் பின்னால் வருகின்றன. இந்த இரண்டு கடை நிர்வாகத்தோடும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. எழுத்துப்பூர்வமான உறுதி இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: ஒவ்வொரு தளத்திலும் ஆள் மாற்றி உட்காரும் முறையும் கழிப்பறை இடைவேளையும் வேலை நேர அட்டவணையிலேயே எழுதப்பட வேண்டும். மறுக்கும் கடைகள் குறித்துத் தொழிலாளர் துறையிடம் சங்கமே மனு கொடுக்கும். புகார் சொன்ன உறுப்பினரின் பெயர் அதில் வராது. நடைப்போட்டிக்கு ஒதுக்கிய தொகையை, முகாமில் சர்க்கரையோ அழுத்தமோ கண்டறியப்பட்டவர்களின் தொடர் பரிசோதனைக்கான போக்குவரத்துச் செலவுக்கு மாற்றவும் அனுமதி கேட்கிறோம்.

இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் விவாதித்து ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்